இருபத்தெட்டு வெற்றிகள் போதாவா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பது நம் ஊர்ப் பழமொழி. தோற்றவன் என்ன நியாயம் பேசினாலும் உலகம் இந்தப் பழமொழியைத்தான் எடுத்து நீட்டும். ஆனால் ஆடத் தெரிந்தவள், நன்றாக ஆடியும் காட்டியவள், கூடத்துக்குள்ளேயே நுழைய விடப்படாமல் வாசலில் நிறுத்தப்பட்டால் அவள் என்ன சொல்வது? அதற்குப் பழமொழி ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை. அப்படி வாசலில் நின்ற ஒரு கல்லூரிக் கூடைப்பந்து அணியைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

அந்த அணி நம் கல்லூரி அணியன்று. நம் நாட்டு அணியும் அன்று. அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தின் டெர்ரா ஹோட் நகரில் உள்ள இந்தியானா ஸ்டேட் பல்கலைக்கழக அணி அது. கடல் கடந்த ஊரின் அணிக்கு இங்கே ஒரு ரசிகனா என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். கூடைப்பந்தே கடல் கடந்து வந்ததுதானே! 1891ஆம் ஆண்டு டிசம்பரில், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியரான ஜேம்ஸ் நெய்ஸ்மித் பழக்கூடைகளைத் தொங்கவிட்டுத் தொடங்கிய ஆட்டம் அது. அதே ஸ்பிரிங்பீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர்தாம் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். அங்கே பயின்ற உடற்கல்வி ஆசிரியர்கள் வழியாகவே நம் பள்ளி மைதானங்களில் விளையாட்டுகள் பல வேரூன்றின. ஆகவே நானும் அந்தக் கூடைக்குத் தூரத்துச் சொந்தக்காரன்தான்.

அறுபத்தெட்டு நாற்காலிகள்

முதலில் போட்டியின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கல்லூரிகளின் முதல் பிரிவில் 360க்கும் மேற்பட்ட ஆண்கள் அணிகள் உள்ளன. இவை 'கான்பரன்ஸ்' எனப்படும் கூட்டுகளாகப் பிரிந்து, நவம்பரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை ஆடுகின்றன. பருவம் முடிந்ததும் ஒவ்வொரு கான்பரன்சும் தனக்குள் ஒரு குறுகிய போட்டியை நடத்துகிறது. அதன் பிறகு வருவதே நாடு முழுவதும் பார்த்திருக்கும் பெரும் போட்டி. 1939இல் 8 அணிகளோடு தொடங்கிய அது 1975இல் 32 அணிகளாகவும், 1985இல் 64 அணிகளாகவும், 2011இல் 68 அணிகளாகவும் வளர்ந்தது. ஒரு முறை தோற்றால் வெளியேற வேண்டியதுதான். இரண்டாம் வாய்ப்புக் கிடையாது.

இந்த 68 நாற்காலிகளுக்கு இரண்டு வழிகள் உண்டு. கான்பரன்சின் குறும்போட்டியில் வென்றவர்க்கு நேரடி நுழைவு. 2024இல் இவ்வாறு நுழைந்தவை 32 அணிகள். எஞ்சிய 36 இடங்களை 12 பேர் கொண்ட தேர்வுக் குழு நிரப்பியது. முதல் வழியில் பந்து தீர்ப்புச் சொல்கிறது. இரண்டாம் வழியில் மனிதர்கள் தீர்ப்புச் சொல்கிறார்கள். விவாதமெல்லாம் இந்த இரண்டாம் வழியைப் பற்றியதுதான்.

2024ஆம் ஆண்டு மார்ச்சில் நம் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மாணவர்களெல்லாம் பொதுத்தேர்வு எழுதிக்கொண்டிருந்தோம். அதே நாள்களில்தான் இந்தியானா ஸ்டேட்டின் தேர்வும் நடந்தது. அந்தப் பருவத்தில் அது ஆடிய 31 ஆட்டங்களில் 26 வெற்றி. மிசௌரி வேலி என்னும் தன் கான்பரன்சில் 20 ஆட்டங்களில் 17 வென்று முதலிடம். குறும்போட்டியில் இரண்டு ஆட்டங்களை வென்று இறுதிக்கு வந்தது. மார்ச் 10ஆம் நாள் இறுதியாட்டத்தில் டிரேக் பல்கலைக்கழகத்திடம் 84-80 என்று தோற்றது. நான்கே புள்ளிகள்! நேர்வழி அடைபட்டது. 28 வெற்றி, 6 தோல்வி என்ற கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு வாரம் தேர்வுக் குழுவின் வாயைப் பார்த்துக் காத்திருந்தது. மார்ச் 17ஆம் நாள் 68 பெயர்களும் வாசிக்கப்பட்டன. இந்தியானா ஸ்டேட்டின் பெயர் அதில் இல்லை. சற்றே தவறவிட்ட முதல் நான்கு அணிகளுள் ஒன்று என்ற ஆறுதல் மட்டும் கிடைத்தது.

தராசின் இரு தட்டுகள்

ரசிகன் தன் அணிக்காக வழக்காடுவது இயல்பு. ஆனால் ஒரு தட்டை மட்டும் நிறைத்துவிட்டு நியாயம் பேசுவது கணக்குப் படிப்பவனுக்கு அழகன்று. எனவே எதிர்த் தட்டையும் நேர்மையாக நிறைத்துப் பார்ப்போம்.

தேர்வுக் குழுவின் வாதம் இது: எத்தனை வெற்றி என்பதைவிட யாரை வென்றாய் என்பதே முக்கியம். பலமில்லாத அணிகளோடு ஆடிக் குவித்த 28 வெற்றியும், வலிய அணிகளோடு மோதிப் பெற்ற 20 வெற்றியும் ஒன்றாகா. இதை நான் மறுக்கவில்லை. எளிய வினாத்தாளில் எடுத்த தொண்ணூறும், கடினமான வினாத்தாளில் எடுத்த எழுபதும் ஒன்றா என்று கேட்டால் நம் பேராசிரியர்களும் இல்லை என்றே சொல்வார்கள்.

என் அணியின் குறைகளையும் மறைப்பதற்கில்லை. பருவத்தின் தொடக்கத்தில் அலபாமாவிடமும், டிசம்பர் இறுதியில் மிச்சிகன் ஸ்டேட்டிடமும் தோற்றது. பெரிய அணிகளை வீழ்த்திப் பெயர் வாங்கியிருக்க வேண்டிய இடங்கள் அவை. பிப்ரவரியில், தன்னைவிடக் கீழே இருந்த இல்லினாய் ஸ்டேட், சதர்ன் இல்லினாய் ஆகிய இரண்டு அணிகளிடமும் அடுத்தடுத்துத் தோற்றது. இந்த இரண்டில் ஒன்றை வென்றிருந்தால்கூடக் கதை மாறியிருக்கலாம்.

அத்துடன் அந்த ஆண்டு அதிர்ஷ்டமும் கைகொடுக்கவில்லை. வழக்கமாகத் தேர்வுக் குழுவின் கருணையை நம்பும் நிலையில் உள்ள அணிகள் சில, குறும்போட்டியில் எதிர்பாராமல் வென்று நேர்வழியில் நுழைந்துவிட்டன. இதற்கு நார்த் கரோலினா ஸ்டேட் அணி நல்ல உதாரணம். பருவத்தில் 17 வெற்றி, 14 தோல்வி என்றிருந்த அணி, 5 நாள்களில் 5 ஆட்டங்களை வென்று உள்ளே வந்தது. வந்ததோடு நிற்காமல் கடைசி நான்கு அணிகளுள் ஒன்றாகவும் உயர்ந்தது! இப்படி நேர்வழியில் ஓர் எதிர்பாராத அணி வரும்போதெல்லாம் கருணை வழியில் ஒரு நாற்காலி குறைகிறது. இதை நான் குறை சொல்ல மாட்டேன். பந்து சொன்ன தீர்ப்பு அது.

எதிர்த் தட்டின் பாரம் இவ்வளவு. இனி என் தட்டை நிரப்புகிறேன்.

ஒரே குறைக்கு இரண்டு தண்டனை

2018-19 பருவத்திலிருந்து தேர்வுக் குழு 'நெட்' என்னும் தரவரிசையைப் பயன்படுத்தி வருகிறது. யாரை வென்றாய், எங்கே வென்றாய், ஒவ்வொரு முறை பந்து கைக்கு வந்தபோதும் எவ்வளவு திறமையாகப் புள்ளி சேர்த்தாய் என்பவற்றையெல்லாம் எதிரணியின் பலத்துக்கேற்பத் திருத்தி, கணிப்பொறி கொடுக்கும் வரிசை அது. சுருங்கச் சொன்னால், 'வினாத்தாள் எளிது' என்ற குறை இந்த வரிசையிலேயே கழிக்கப்பட்டுவிடுகிறது. அப்படிக் கழித்த பிறகும் இந்தியானா ஸ்டேட் 360க்கும் மேற்பட்ட அணிகளுள் முதல் 30 இடங்களுக்குள் நின்றது.

விவகாரம் இதற்கு மேல்தான் தொடங்குகிறது. இதே வரிசையைக் கொண்டு ஆட்டங்களை நான்கு வகுப்புகளாகப் பிரிக்கிறார்கள். சொந்த மண்ணில் முதல் 30 இடத்துக்குள் உள்ள அணியோடும், பொது மைதானத்தில் முதல் 50க்குள் உள்ள அணியோடும், எதிரியின் மண்ணில் முதல் 75க்குள் உள்ள அணியோடும் ஆடுவது முதல் வகுப்பு ஆட்டம். அந்த முதல் வகுப்பில் எத்தனை வெற்றி என்று குழு கேட்கிறது. சிறிய கான்பரன்சில் ஆடும் அணியின் பட்டியலில் அத்தகைய ஆட்டங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆடவே கிடைக்காத ஆட்டத்தில் வெற்றி எங்கிருந்து வரும்?

எதிரணிகளின் பலம் குறைவு என்று தரவரிசையில் ஒரு முறை கழித்தாகிவிட்டது. பலமான எதிரணிகளை வெல்லவில்லை என்று மறுபடியும் ஒரு முறை கழிக்கிறார்கள். ஒரே குறைக்கு இரண்டு தண்டனை! ஒரு விடைத்தாளில் ஒரு பிழைக்கு இரண்டு இடத்தில் மதிப்பெண்ணைக் குறைத்தால் நாம் மறுகூட்டலுக்கு விண்ணப்பிக்க மாட்டோமா?

"வலிய அணிகளோடு ஆட வேண்டியதுதானே, யார் தடுத்தார்கள்?" என்று கேட்கலாம். மொத்தம் 31 ஆட்டங்களில் 20 ஆட்டங்களைக் கான்பரன்சே நிர்ணயித்துவிடுகிறது. கையில் மிஞ்சுபவை 11. இந்த 11இல் பெரிய பல்கலைக்கழகம் ஒன்று சிறிய ஊரின் நல்ல அணியோடு ஆட விரும்புமா? வென்றால் பெரிய பெயரில்லை. தோற்றால் பெரும் அவமானம். ஆகவே பெரிய அணிகள் மிகவும் பலமற்ற அணிகளையே தம் ஊருக்கு அழைத்து வெல்கின்றன. பலமான சிறிய அணியைத் தவிர்க்கின்றன. அழைத்தாலும் தம் மண்ணுக்குத்தான் அழைக்கின்றன. என் அணி அலபாமாவோடும் மிச்சிகன் ஸ்டேட்டோடும் மோதியது அவர்களுடைய மண்ணில்தான்.

வேலை கேட்டுப் போகிறவனிடம் "முன் அனுபவம் உண்டா?" என்று கேட்பார்கள். "வேலை கொடுத்தால்தானே ஐயா அனுபவம் வரும்?" என்று அவன் திருப்பிக் கேட்டால் அதற்குப் பதில் இராது. இந்தியானா ஸ்டேட்டின் நிலையும் அதுவே.

மூன்று ஆட்டங்களின் கணக்கு

"குறும்போட்டியை வென்றிருந்தால் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லையே" என்பது அடுத்த வாதம். இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிகழ்தகவுப் பாடத்தின் முதல் அத்தியாயம் போதும்.

கான்பரன்சில் முதலிடம் பெற்ற அணி குறும்போட்டியில் மூன்று ஆட்டங்களைத் தொடர்ந்து வெல்ல வேண்டும். அந்த அணி மிக வல்லது. ஒவ்வோர் ஆட்டத்திலும் வெல்வதற்கு 0.8 நிகழ்தகவு உண்டு என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் வெல்வதற்கான நிகழ்தகவு 0.8-ஐ மூன்று முறை பெருக்கினால் வரும் 0.512. அதாவது நூற்றுக்கு 51. ஐந்தில் நான்கு ஆட்டங்களை வெல்லும் வல்லமை படைத்த அணிக்கும், அந்த மூன்று நாள்களில் கிடைப்பது நாணயத்தைச் சுண்டிப் பூவா தலையா பார்ப்பதற்கு ஒப்பான வாய்ப்பே. நான்கு மாத உழைப்பை ஒரு நாணயத்தின் மேல் வைத்துச் சுண்டச் சொல்லுவது எந்த வகை நியாயம்?

பெரிய கான்பரன்ஸ் அணிக்கு இந்த நாணயம் தேவையில்லை. குறும்போட்டியின் முதல் ஆட்டத்திலேயே தோற்றாலும் அதற்குக் கருணை வழி திறந்தே இருக்கும். 2024இல் பெரிய கான்பரன்சுகளான எஸ்.இ.சி.யும் பிக் 12-உம் தலைக்கு 8 அணிகளை அனுப்பின. மிசௌரி வேலி அனுப்பியது டிரேக் ஒன்றைத்தான். 2025இல் எஸ்.இ.சி. மட்டுமே 14 இடங்களைப் பெற்றது. அதுவரை எந்தக் கான்பரன்சும் அவ்வளவு இடங்களைப் பெற்றதில்லை.

ஆட விட்டவர்கள் என்ன செய்தார்கள்?

கடைசி வாய்ப்பாக உள்ளே எடுக்கப்பட்ட அணிகள் ஓஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் முன்சுற்று ஆடுகின்றன. 2024இல் அவ்வாறு எடுக்கப்பட்ட வர்ஜினியா, கொலராடோ ஸ்டேட்டிடம் 67-42 என்று படுதோல்வி அடைந்தது. முதல் பாதியில் அது எடுத்த புள்ளிகள் 14 மட்டுமே. இந்த இடத்தில் இந்தியானா ஸ்டேட் ஆடியிருந்தால் என்று அன்று பலரும் பேசினார்கள். ஆனால் இதை மட்டும் சொன்னால் நான் தராசைச் சாய்த்தவனாவேன். அதே முன்சுற்றில் ஆடிய கொலராடோ அணி அங்கே வென்று, அடுத்து புளோரிடாவையும் 102-100 என்று வீழ்த்தியதே! குழு தேர்ந்தெடுத்தவர்கள் அனைவரும் சோடை போனவர்கள் அல்லர்.

என் அணி என்ன செய்தது? என்.ஐ.டி. என்னும் மற்றொரு போட்டியில் ஆடச் சென்றது. 1938இல் தொடங்கிய அது பெரும் போட்டியைவிட ஓராண்டு மூத்தது. ஆயினும் இன்று இடம் கிடைக்காதவர்களின் புகலிடம். அங்கே எஸ்.எம்.யு., மின்னசோட்டா, சின்சினாட்டி, யூட்டா ஆகிய நான்கு அணிகளை வரிசையாக வென்றது இந்தியானா ஸ்டேட். இவற்றுள் பின்னைய மூன்றும் அப்போது பெரிய கான்பரன்சுகளைச் சேர்ந்தவை. இறுதியாட்டத்தில், தன்னைப் போலவே வாசலில் நிறுத்தப்பட்ட சீட்டன் ஹாலிடம் 79-77 என்று இரண்டே புள்ளிகளில் தோற்றது. "பெரிய அணிகள் அங்கே மனம் ஒன்றி ஆடியிருக்கமாட்டா" என்று சொல்வோரும் உண்டு. இருக்கலாம். ஆனால் முதல் வகுப்பு எதிரிகள் கிடைக்கவில்லையே என்று குறை கேட்ட ஓர் அணி, கிடைத்த எதிரிகளுள் நான்கு அணிகளை வென்று காட்டியது என்பதை யாரும் மறுக்க முடியாது.

2011ஆம் ஆண்டில் வர்ஜினியா காமன்வெல்த் அணியை எடுத்தபோது, "இவர்களை ஏன் எடுத்தீர்கள்?" என்று விமர்சகர்கள் குழுவைச் சாடினார்கள். அந்த அணி முன்சுற்றில் தொடங்கி, வலிமை மிக்க கேன்சஸ் அணியை 71-61 என்று வென்று, கடைசி நான்கில் ஒன்றாக நின்றது. 2018இல் யு.எம்.பி.சி. என்ற சிறிய அணி, முதல் தரத்தில் இருந்த வர்ஜினியாவை 74-54 என்று வீழ்த்தியது. 2022இல் செயின்ட் பீட்டர்ஸ் என்னும் சிறிய கல்லூரி கெண்டக்கியை வென்று கடைசி எட்டு வரை முன்னேறியது. இந்த மூவரில் யாருடைய வெற்றியையும் காகிதத்தில் எழுதி வைத்த வாய்ப்புக் கணக்குக் காட்டவில்லை. உள்ளே விட்டு ஆட விட்ட பிறகே தெரிந்தது.

2025ஆம் ஆண்டை மறந்துவிட்டேன் என்று எண்ண வேண்டாம். அந்த ஆண்டு கடைசி 16 அணிகளும் நான்கே பெரிய கான்பரன்சுகளைச் சேர்ந்தவை; கடைசி நான்கும் முதல் தர அணிகளே. "பார்த்தாயா, சிறியவர்களுக்கு இடமில்லை என்பது சரியாகப் போயிற்று" என்று அதை எடுத்துக்காட்டுவார்கள். அதற்கும் காரணம் உண்டு. 2021 முதல் ஆட்டக்காரர்கள் ஓராண்டு உட்கார வேண்டிய கட்டாயமின்றி வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். தம் பெயரைக் கொண்டு பணமும் ஈட்டலாம். ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு அது நன்மையே. நான் அதைப் பழிக்க மாட்டேன். ஆனால் சிறிய கல்லூரி வளர்த்த ஆட்டக்காரரைப் பெரிய கல்லூரி அடுத்த ஆண்டே அழைத்துக்கொள்கிறது. நாற்றங்கால் ஓரிடம், அறுவடை வேறிடம்.

அடுத்த ஆண்டு என்பது யாருக்கு?

வாய்ப்பை இழந்தவனுக்கு உலகம் சொல்லும் ஆறுதல், "அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்" என்பது. இந்தியானா ஸ்டேட்டுக்கு அந்த அடுத்த ஆண்டு வரவில்லை. பருவம் முடிந்ததும் பயிற்சியாளர் ஜாஷ் ஷெர்ட்ஸ் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். கண்ணாடி அணிந்து ஆடி நாடு முழுவதும் பெயர் பெற்ற நடு ஆட்டக்காரர் ராபி அவிலாவும் அங்கேயே சென்றார். மற்றவர்களும் பிரிந்தார்கள். அந்த அணி அந்த ஒரு மார்ச்சில் மட்டுமே இருந்தது. அந்த மார்ச்சில் கதவு திறக்கவில்லை.

பொருள் இழப்பும் சிறிதன்று. பெரும் போட்டியில் ஆடும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கான்பரன்சுக்கு ஒரு பங்குத் தொகை உண்டு. ஆறு ஆண்டுகளில் பிரித்துக் கொடுக்கப்படும் ஒரு பங்கின் மதிப்பு ஏறத்தாழ 20 லட்சம் டாலர். இருப்பவரிடம் மேலும் சேரும். இல்லாதவர் மேலும் மெலிவர். அடுத்த ஆண்டு தேர்விலும் அந்த மெலிவே குறையாகச் சுட்டப்படும்.

இதே கல்லூரியின் பழைய வரலாறு இரண்டைச் சொல்ல வேண்டும். 1865இல் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியாகத் தோற்றுவிக்கப்பட்ட நிறுவனம் இது. 1947இல் இதன் பயிற்சியாளர் ஜான் வுடன். பின்னாளில் யு.சி.எல்.ஏ. அணிக்குப் பத்து முறை பட்டம் வாங்கித் தந்தவர் அவர்தாம். அந்த ஆண்டு கேன்சஸ் சிட்டியில் நடந்த பருவ இறுதிப் போட்டிக்கு அவருடைய அணிக்கு அழைப்பு வந்தது. ஆனால் கறுப்பின ஆட்டக்காரர்கள் ஆடக் கூடாது என்பது போட்டியின் விதி. அணியில் கிளாரன்ஸ் வாக்கர் என்னும் கறுப்பின மாணவர் இருந்தார். அவரை விட்டுவிட்டுப் போக மனமின்றி வுடன் அழைப்பையே மறுத்தார். மறு ஆண்டு விதி மாறியது. 1948இல் வாக்கர் அந்தப் போட்டியில் ஆடினார். அத்தகைய போட்டியில் ஆடிய முதல் கறுப்பின மாணவர் அவரே. "விதி அப்படித்தான் இருக்கிறது" என்று சொல்லப்பட்ட விதி, ஒருவர் மறுத்து நின்றதும் ஓராண்டில் மாறிவிட்டது. நிறத்தைக் காரணம் காட்டிய அந்த அநீதியோடு இன்றைய தேர்வு முறையை நான் ஒப்பிடவில்லை. அது மனிதக் கொடுமை, இது வெறும் முறைக்கோளாறு. ஆனால் விதிகள் வானிலிருந்து விழுந்தவையல்ல என்பதற்கு அது சான்று.

மற்றொன்று 1979. பிரெஞ்ச் லிக் என்ற சிற்றூரைச் சேர்ந்த லாரி பேர்ட், பெரிய பல்கலைக்கழகமொன்றில் சேர்ந்து ஒரு மாதம்கூடத் தங்காமல் ஊர் திரும்பி, ஊராட்சியில் குப்பை வண்டி வேலை உட்படப் பார்த்து, பிறகு இந்தியானா ஸ்டேட்டில் சேர்ந்தார். அவர் தலைமையில் அந்த அணி 33 ஆட்டங்களைத் தோல்வியே இன்றி வென்று இறுதிக்கு வந்தது. மார்ச் 26ஆம் நாள் மேஜிக் ஜான்சனின் மிச்சிகன் ஸ்டேட்டிடம் 75-64 என்று தோற்றது. இன்றளவும் அமெரிக்கக் கூடைப்பந்து வரலாற்றில் அந்த ஆட்டம் ஒரு திருப்புமுனை என்கிறார்கள். சிறிய கல்லூரி என்று அன்று கதவை அடைத்திருந்தால் யாருக்கு நட்டம்?

என் யோசனை

குறை சொன்னால் போதாது; வழியும் சொல்ல வேண்டும். முதல் வகுப்பு ஆட்டமே கிடைக்காத அணிக்கு முதல் வகுப்பு ஆட்டம் ஒன்றைக் கொடுத்துப் பார்ப்பதே நேர்மையான சோதனை. டேட்டன் முன்சுற்றில் கடைசித் தேர்வாக ஆடும் நான்கு இடங்களில் இரண்டையாவது, தன் கான்பரன்சில் பருவம் முழுதும் ஆடி முதலிடம் பெற்று, தரவரிசையில் முதல் 50க்குள் நின்று, குறும்போட்டியில் மட்டும் தவறிய அணிகளுக்கு ஒதுக்க வேண்டும். எதிரணியாகப் பெரிய கான்பரன்சின் கடைசித் தேர்வை நிறுத்தட்டும். வென்றால் உள்ளே, தோற்றால் வெளியே. காகிதம் பேச வேண்டியதில்லை, பந்து பேசட்டும்.

இது இரக்கம் கேட்பதன்று. தகுதியில்லாத அணி எதுவும் இதனால் நுழையாது. பருவம் முழுவதற்கும் மதிப்புக் கொடுக்கும் ஏற்பாடு இது. முன்பெல்லாம் இவ்வாறு முதலிடம் பெற்றுத் தவறிய அணிக்கு என்.ஐ.டி.யிலாவது இடம் உறுதி என்ற விதி இருந்தது. 2024 போட்டியில் அந்த உறுதியும் நீக்கப்பட்டது. அன்று கதவு அகலவில்லை, குறுகியது.

நமக்கென்ன?

நண்பர்களே, டெர்ரா ஹோட்டின் நியாயம் நமக்கெதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நமக்கும் அதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

நாமும் சிறிய கான்பரன்சில் ஆடுகிறவர்கள்தாம். நம்மில் பலர், என்னையும் சேர்த்து, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். முதல் தலைமுறைப் பட்டதாரி என்று சான்றிதழ் வாங்கிக்கொண்டு சேர்ந்தவர்கள். நாளை நம் மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொண்டு நேர்முகத் தேர்வுக்குப் போவோம். அங்கே முதல் கேள்வி "எத்தனை சதவிகிதம்?" என்பதாக இராது; "எந்தக் கல்லூரி?" என்பதாகவே இருக்கும். கல்லூரியின் பெயரைக் கேட்டதுமே கோப்பை மூடுகிறவர்களும் உண்டு. பல்கலைக்கழகம் ஒன்று, பாடத்திட்டம் ஒன்று, வினாத்தாளும் ஒன்று. அதிலே எடுத்த மதிப்பெண்ணுக்கு மறுபடியும் ஒரு கழிவு! ஒரே குறைக்கு இரண்டு தண்டனை என்று மேலே சொன்னேனே, அது இங்கும் நடக்கிறது.

நம் கல்லூரி அணி மண்டலப் போட்டிக்குப் போகும்போதும் இதுவே. சிமெண்டுத் தளத்தில், மழை வந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு ஆடுகிறவர்கள் நம்மவர். மரத்தளம் பதித்த உள்ளரங்கில் பழகியவர்களோடு மோதப் போகிறார்கள். "நமக்கு எங்கே வாய்ப்பு?" என்று நம் பிள்ளைகளே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு என் பதில் இதுதான்: வாய்ப்பு என்பது ஓர் எண். அது சுழியன்று. அரையாக இருக்கலாம், பத்தில் ஒன்றாக இருக்கலாம். எண் சிறிதானால் முயற்சியைக் கூட்டலாம். சுழியாக்குவது மட்டும் நம் கையாலேயே நடக்கக் கூடாது. பெரிய அணி அழைத்தால் அதன் மண்ணிலும் போய் ஆடுங்கள். அலபாமாவில் தோற்றதற்காக இந்தியானா ஸ்டேட் வெட்கப்படவில்லை. அங்கே போகாமலிருந்தால்தான் வெட்கம்.

தேர்வு செய்யும் நாற்காலியில் நாளை அமரப்போகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆசிரியராக, அலுவலராக, அணியைத் தேர்ந்தெடுப்பவராக நீங்கள் அமரும்போது, முன்னால் நிற்பவர் எந்த ஊர், எந்தக் கல்லூரி என்று கேட்பதில் தவறில்லை. எதிர்ப்பட்ட தடைகள் எவை என்று அறிய அது உதவும். ஆனால் ஒரு முறை கழித்ததை மறுமுறை கழிக்காதீர்கள். ஐயம் வந்தால் காகிதத்தை மூடி வைத்துவிட்டு ஆட விட்டுப் பாருங்கள்.

இருபத்தெட்டு வெற்றிகள் போதாவா என்று தலைப்பில் கேட்டேன். போதாமலும் இருக்கலாம். ஆடிப் பார்க்க ஓர் ஆட்டம் கேட்பதற்கு மட்டும் அவை தாராளமாகப் போதும்.